பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவே ஒரு சந்து

பேஸ்பால் என்று சொன்னால் எங்கள் குன்னத்தில் முக்கால்வாசிப் பேர் கூடைப்பந்து என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. நீங்களும் புகாரில் முதலில் அப்படித்தான் எழுதினீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். ஏட்டையா சொல்லித்தான் அதை அடித்துத் திருத்தினீர்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. ஒரு ஆட்டத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது.

என் பெயர் கலைச்செல்வன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து பேஸ்பால் அம்பயர் பயிற்சி முடித்தவன் நான் ஒருவன்தான். அதனால் இந்தப் பக்கம் எந்த ஆட்டம் நடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சந்தேகம் வந்தால் இரண்டு டீமும் என் முகத்தைத்தான் பார்க்கும். நான் சொல்வதுதான் விதி.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அது புரிய வேண்டுமானால், அம்பயர் எங்கே நிற்க வேண்டும் என்பது முதலில் புரிய வேண்டும்.

பந்தை எறிகிறவன் பிட்சர். மட்டையோடு நிற்கிறவன் பேட்டர். அவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவன் கேட்சர். தரையில் வெள்ளையாக ஒரு பலகை பதித்திருக்கும். அது ஹோம் பிளேட். பந்து அந்தப் பலகைக்கு மேலே, பேட்டரின் முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்தால் ஸ்ட்ரைக். விலகிப் போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். அதைச் சொல்ல வேண்டியவன், எல்லோருக்கும் பின்னால் நிற்கிற நான். விவரம் தெரியாதவர்கள் கேட்சரின் தலைக்கு நேர் பின்னால் போய் நிற்பார்கள். அங்கிருந்து கேட்சரின் முதுகுதான் தெரியும். பேட்டருக்கும் கேட்சரின் தோளுக்கும் நடுவே ஒரு சந்து கிடைக்கும். அம்பயரின் தலை அந்தச் சந்தில் இருக்க வேண்டும். மோவாய், கேட்சரின் உச்சந்தலை உயரத்துக்கு. காலை அகட்டி ஊன்றித் தலையைப் பூட்டிவிட வேண்டும். கண் மட்டும் பந்தோடு வரும், கிளவுஸ் வரைக்கும். விழுந்த பிறகும் ஒரு மூச்சு விட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அங்கே நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், மேடம். மற்றதெல்லாம் கலங்கிவிடும். பந்து மட்டும் துலக்கமாக வரும்.

ஆனால் கேட்சர் கொஞ்சம் நகர்ந்தால்கூடச் சந்து அடைபட்டுப்போகும். பரணிதரன் நகர்வான்.

பரணிதரன் அரியலூர் டீமின் கேட்சர். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் பேக்டரியில் வேலை. நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. பெரிய உடம்பு. பிட்சர் கையை ஓங்கியதும் ஒரு கோழி அடைக்கு உட்கார்வதைப் போல உடம்பை ஆட்டி ஆட்டி என் சந்துக்குள் வந்துவிடுவான். எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க சார். கால் தானா போவுது," என்பான். அடுத்த பந்துக்கும் கால் தானாகப் போகும்.

போன வருடம் இறுதியாட்டத்தில் அதுதான் நடந்தது. பெரம்பலூருக்கு ஆடிய தமிழழகன் எங்கள் குன்னத்துப் பையன், செல்போன் கடை வைத்திருக்கிறான். கடைசிப் பந்து உள்பக்கமாக வந்தது. நான் பார்த்தது பரணிதரனின் காது. மூன்றாவது ஸ்ட்ரைக் என்று சொன்னேன். தமிழழகன் அவுட், பெரம்பலூர் தோற்றது. யாரோ பக்கவாட்டில் நின்று எடுத்த வீடியோ சாயங்காலமே எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. பந்து தமிழழகனின் தொப்பையை உரசிக்கொண்டு போனது.

அதன் பிறகு டீக்கடையில் மாஸ்டர் கிளாஸை நீட்டி, "சார், இது உள்ள வருதா, வெளிய போவுதா?" என்பார். தலைமையாசிரியர் பிரேயரில் கண்தானத்தைப் பற்றிப் பேசும்போது என்னைப் பார்த்தார். நான் கோபப்படவில்லை. குறையை எங்கே சரிசெய்வது என்று யோசித்தேன்.

வீட்டுக் கொல்லையில் பயிற்சி எடுத்தேன். கேட்சர் இடத்தில் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை நிறுத்தினேன். பேட்டருக்கு ஒரு தென்னந்துடைப்பத்தை நட்டேன். என் மனைவி பரிமளா எதிரே நின்று வெங்காயமாக எடுத்து எறிவாள். ஒவ்வொன்றும் எனக்குத் தோல் உரிவது வரைக்கும் தெரிந்தது. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"பாத்தியா? எங்கண்ணுல கோளாறு இல்ல," என்றேன்.

"மூட்டை அசையாம கெடக்கு, அதான் தெரியுது," என்றாள் பரிமளா. "அந்தப் புள்ள மூட்டை இல்லீங்களே."

அவள் அதைச் சமாதானமாகத்தான் சொன்னாள். நான் அதைத் தீர்வாக எடுத்துக்கொண்டேன். அவளை இதில் சேர்க்காதீர்கள்.

இந்த வருட இறுதியாட்டத்துக்கு முன்னால் பரணிதரனுக்குப் போன் செய்தேன். கேட்சர் இனிமேல் நகரக்கூடாது, அவன் காலைத் தரையில் பதித்துவிட வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறது என்றேன்.

"எல்லா ஊர்லயும் வந்துடுச்சா சார்?"

"மொதல்ல நம்ம ரெண்டு மாவட்டத்துலதான்."

"அட, நமக்கா மொதல்ல?" என்றான். குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. "எதுல சார் பதிக்கிறது?"

"சிமெண்டுதான் யோசிச்சிருக்காங்க."

"சாதா சிமெண்டு ஆவாது சார். அது இறுவ நாளாயிடும். ரோட்டுல குழி அடைக்கிற கலவை ஒண்ணு இருக்கு, ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கல்லாயிடும். நானே வாங்கியாந்துடுறேன்."

அவனேதான் வாங்கி வந்தான், மேடம். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு. இதை நீங்கள் கண்டிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் இருந்தது. பேஸ்பாலில் இரண்டு டீமும் மாறி மாறி ஆடும். காலைப் பதித்தவன் எப்படிப் பேட் பிடிக்கப் போவான்? அதனால் இன்னொரு புது விதியும் சொன்னேன்: ஒரு டீம் முழுக்க ஆடி முடிக்கட்டும், பிறகு அடுத்த டீம் ஆடட்டும், கிரிக்கெட் மாதிரி. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. இவ்வளவு நாளாக இப்படி ஏன் ஆடவில்லை என்று பெரம்பலூர் கேப்டன் என்னையே கேட்டார்.

அரியலூர் ஆடி முடித்தது. பெரம்பலூர் கேட்சர் அசையவே மாட்டான், அதனால் அவனுக்கு இந்த விதியை நான் சொல்லவில்லை. இடைவேளையில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் தோண்டி வைத்திருந்த குழியில் பரணிதரன் இறங்கி நின்றான். சந்து திறந்திருக்கும்படி அவனை நானே தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். கலவையை அவனே பதம் சொல்லச் சொல்ல ஊற்றினேன். ஷூ மூடினால் போதும் என்றான். நான் கணுக்காலுக்கு மேலேயும் ஊற்றினேன்.

"முடிஞ்சதும் எப்புடி சார் வெளிய வர்றது?"

"அதுக்குத் தனியா ஒரு விதி இருக்கு," என்றேன்.

சரிங்க சார் என்றான். கொஞ்ச நேரத்தில், "சுடுது சார்," என்றான்.

"இறுகுறப்ப சுடும். ஒனக்குத் தெரியாததா?"

"ஆமாங்க சார், சுடத்தான் செய்யும்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு குந்தினான். அவன் மனைவி சுகன்யா ஓரத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அன்றைக்கு நான் அம்பயரிங் செய்ததைப் போல இந்த ஜில்லாவில் யாரும் செய்ததில்லை. ஒவ்வொரு பந்தும் அதன் தையலோடு தெரிந்தது. ஒரு முடிவுக்குக்கூட யாரும் முணுமுணுக்கவில்லை. பரணிதரன் இரண்டு தடவை தண்ணீர் கேட்டான். ஆட்டத்தின் நடுவில் தருவதற்கில்லை.

பிறகு தமிழழகன் மூன்றாவது பேஸுக்கு, அதாவது ஹோம் பிளேட்டுக்கு முந்தின முனைக்கு, வந்து சேர்ந்தான். அவன் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் பெரம்பலூர் ஜெயித்துவிடும். அடுத்தவன் அடித்த பந்து தரையோடு போக, தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டான். போன வருடத்து அவமானம் அவனுக்கும் இருந்ததே. பந்தை எடுத்தவன் ஹோமுக்கு எறிந்தான். கேட்சர் அதைப் பிடித்து, ஓடிவருகிறவன் பலகையைத் தொடுவதற்குள் பந்தோடு அவனைத் தொட்டுவிட்டால் அவுட். அது வேண்டிய இடத்துக்கு வரவில்லை. பரணிதரன் பலகையின் மேலே குறுக்கே வளைந்து கையை நீட்டினான். வேறு எந்தக் கேட்சராக இருந்தாலும் ஒரு எட்டு வைத்திருப்பான்.

தமிழழகன் பாதி தூரம் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மோதினால் பரணிதரனின் மேல் உடம்பு ஒரு பக்கம் போகும், கால் போகாது. "நில்லு" என்று கத்த நேரம் இருந்தது. ஆனால் ஆட்டத்தின் போது அம்பயர் எந்த வீரருக்கும் யோசனை சொல்லக்கூடாது. அது நான் உண்டாக்கிய விதி அல்ல, மேடம். உண்மையான விதி.

அதனால் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இப்படிப்பட்ட சமயத்தில் அம்பயர் பின்னாலேயே நிற்கக்கூடாது. பக்கவாட்டில் விலகி, கிளவுஸும் ஓடிவருகிறவனும் ஒன்றாகத் தெரிகிற இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். போனேன். காலை ஊன்றினேன். தலையைப் பூட்டினேன்.

காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் கட்டாக முறித்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான் வந்தது. ஒரு மூச்சு விட்டேன். அவுட் என்று கையை ஓங்கிக் காட்டினேன். அரியலூர்க்காரர்கள் கைதட்ட ஆரம்பித்துப் பிறகு நிறுத்திவிட்டார்கள். தமிழழகன் எழுந்து பார்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தான்.

பரணிதரன் மல்லாந்து கிடந்தான். பாதம் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. தீயணைப்பு ஆட்கள் உளியோடு வருவதற்கு முன்னால் என்னைத்தான் பார்த்துக் கேட்டான்:

"சார், அவுட்டுங்களா?"

"அவுட்டுதாம்பா."

சிரித்தான். அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். திருச்சியில் டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் சொன்னீர்கள். இரண்டு காலுமா போய்விட்டது என்று நான் கேட்டேன், ஆமாம் என்றீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு அம்பயர் பந்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவ்வளவுதான் இதில் இருக்கிறது. வேறு கெட்ட எண்ணம் இல்லை.

இப்போது சுகன்யாவின் போனில் இருந்த வீடியோவை நீங்கள் காட்டினீர்கள். நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை காட்டினீர்கள். மோதுவதற்கு முன்னாலேயே பந்து கிளவுஸில் பட்டுத் தெறித்து என் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து கிடக்கிறது. வெள்ளைப் பந்து, செம்மண் தரை. யாருக்கும் தெரியும். பக்கத்திலேயே நான் நிற்கிறேன், மிகச் சரியான இடத்தில், தலையைப் பூட்டிக்கொண்டு.

எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கிறீர்கள்.

பந்தை நான் பார்க்கவே இல்லை, மேடம். அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.