ஒரு பக்கம் தேஞ்ச கைப்பிடி

— திரும்பவும் அதே பெட்டியா, லினெட்?

— பெட்டி அதேதான் ட்ரெவர். அழுக்கு புதுசு.

— பாரு, ரெண்டு தடவ சொல்லிட்டேன். என் தோட்டத்துல ஓடற குட்டி ரயில்ல மாட்டணும்னா அது நெச ரயில் பெட்டி மாதிரி இருக்கணும். மொத தடவ நீ கொண்டாந்தது மிட்டாய் டப்பா. பளபளன்னு. ரெண்டாவது தடவ...

— சேத்துல விழுந்த பன்னின்னீங்க.

— அப்படியா சொன்னேன்?

— நம்ம குட்டி ரயில் சங்கத்துக்காரங்க எல்லாரும் இருக்கறப்ப.

— ட்ரெவர், மொதல்ல அவள உள்ள வரச் சொல்லு. மழையில நிக்க வெச்சா விசாரணை பண்ணுவ?

— மேவிஸ், நீ டீயப் போடு. இது ரயில் சமாச்சாரம்.

— உன் ரயில் சமாச்சாரம் என் ரோஜாவ எல்லாம் தின்னு தீத்தாச்சு. நீ உக்காரும்மா லினெட். குங்குமப்பூ பன் இருக்கு, எடுத்துக்க.

— வேணாம் மேவிஸ், கையெல்லாம் புகைக்கரித் தூள். ட்ரெவர், கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. ஒரு குறை விடாம சொல்லணும். சொல்லாம நான் கெளம்ப மாட்டேன்.

— அடேங்கப்பா! சரி, குடு. ம்... கூரை கருப்பு. நடுவுல அடர்த்தி, ஓரத்துல கம்மி. எப்படிப் போட்ட?

— பஞ்சால ஒத்தி எடுத்தேன்.

— கீழ இந்த செம்பழுப்பு?

— பிரேக் தூசு. மலையடிவாரத்துல பழைய ரயில் ஓட்டுறாங்கல்ல, அங்க போய் நெசப் பெட்டியோட அடியில வெள்ளைத் துணியால தேச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். அந்த நிறம் வர்ற வரைக்கும் கலக்கினேன்.

— ஸ்டேஷன்காரன் ஒண்ணும் கேக்கலையா?

— கேட்டார். சொன்னேன். சிரிச்சார். நான் நிறுத்தலை.

— ஜன்னலுக்குக் கீழ கோடு கோடா வழிஞ்சிருக்கே, இது கற்பனைதானே?

— இல்ல. பெட்டியக் கொல்லையில மழையில வெச்சேன். தண்ணி எங்க வழிஞ்சதோ அங்க மட்டும் தீட்டினேன்.

— கேட்டியா ட்ரெவர்? நீ உன் பெட்டிய மழையில வெச்சிருக்கியா? ஒரு தூறல் விழுந்தா குழந்தைய மாதிரி போத்திக்கிட்டு ஓடுவ.

— நீ சும்மா இரு மேவிஸ். லினெட், ஒத்துக்கறேன். நல்லாருக்கு. ரொம்பவே... இரு, இரு. இது என்ன?

— எது?

— இந்தப் பக்கத்துக் கதவுப் பிடியெல்லாம் கை பட்டுப் பட்டுப் பித்தளை மின்னுது. திருப்பினா? அந்தப் பக்கம் கன்னங்கரேல்னு கெடக்கு. பாதி வேலையில தூங்கிட்டியா?

— தூங்கலை. அந்தப் பக்கத்துக் கதவ யாரும் தொடறதில்ல. தொடாத பிடி எப்படி மின்னும்?

— ஏன் தொடறதில்ல?

— பிளாட்பாரம் ஒரு பக்கம்தான்.

— ஹா! மாட்டுனியா? என் லைன் எத்தன தடவ பாத்திருக்க? ரோஜாப் பாத்தி ஸ்டேஷன்ல பிளாட்பாரம் இடது கைப்பக்கம். குளத்து ஸ்டேஷன்ல வலது கைப்பக்கம். ஜனம் ரெண்டு பக்கமும் ஏறும், இறங்கும். பாரு, அடிப்படையே தப்பு.

— ட்ரெவர், ஒரு பிடிக்காகவா அவளத் திருப்பி அனுப்புவ? சனிக்கிழமை மாட்டி விடேன்.

— விதின்னா விதிதான் மேவிஸ். லினெட், கோச்சுக்காத. அந்தப் பக்கப் பிடிய மட்டும் தேச்சுக் கொண்டா. சனிக்கிழமையே என் இன்ஜினுக்குப் பின்னால மொதப் பெட்டியா மாட்டறேன். என் வாயால சொல்றேன், போதுமா?

— தேய்க்க மாட்டேன்.

— என்னது?

— அது சரியாத்தான் இருக்கு. வேற குறை எதுவும் இல்லையே? நல்லாப் பாத்துட்டீங்களா?

— வேற இல்ல. ஆனா இதோட என் லைன்ல ஓட முடியாதுங்கறேன். இத்தன பாடுபட்டு, இந்த ஒண்ணுக்காகப் பிடிவாதம் பிடிச்சா எப்படி? ரெண்டு பக்கமும் பிளாட்பாரம் இருக்குன்னு தெரிஞ்சே எதுக்கு இப்படிப் பண்ண?

— உங்க லைனுக்குப் பண்ணலையே ட்ரெவர். எங்க கொல்லையில என் பையன் கேரி நேத்துதான் கடைசித் தண்டவாளத்தப் போட்டு முடிச்சான். ஒரே ஸ்டேஷன், ஒரே பக்கம் பிளாட்பாரம், ஞாயித்துக்கிழமை மொத ரயில், நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க.