கியாசுதீனின் தோள் வார்

உச்சி வெயில் நேரம். விமானத்தளத்துக்குப் போகிற புதுக்கோட்டை ரோடு... ஒரு காக்கை கூட இல்லை. பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? சிரிக்கிறவர்கள் எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நெருங்கி உட்காருங்கள், அந்த விளக்கையும் கொஞ்சம் தணித்து வையுங்கள். என் சிநேகிதன் பரக்கத் அலியின் பெரியப்பா ரசூலுக்கு நடந்தது இது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம்.

ரசூல் அந்த ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் கேரியரில் புது பாராசூட் வார். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி இறுக்கி மனிதனைப் பாராசூட்டோடு பிணைக்கிற வார் அது. சாயங்காலம் விமானம் கிளம்புவதற்குள் மச்சினன் கியாசுதீனிடம் அதைச் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பையன் உயிருக்கு உத்தரவாதமில்லை.

ஏன் என்று கேளுங்கள். ரசூல் ஜட்கா குதிரைகளுக்குச் சேணம் தைத்தவர். சண்டை வந்ததும், பாலக்கரையில் பாராசூட் வார் பழுது பார்க்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேற்பார்வை பிலோமின்ராஜ். அவன் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னான்.

"பாய், இது தோல் இல்ல, பருத்தி நாடா. குத்தூசி ஆகாது, இழையை அறுத்துடும். மொட்டை ஊசிதான். பழைய ஓட்டையிலேயே தைக்கணும். நைஞ்சு போயிருந்தா தூக்கிப் போட்டுடணும்."

ஊரார் வாருக்கெல்லாம் ரசூல் அப்படித்தான் தைத்தார். ஆனால் விமானத்தில் வயர்லெஸ் பார்க்கிற கியாசுதீன் தன் வாரைக் கொண்டுவந்து, "மச்சான், தோள்ல நூல் விட்டிருக்கு, பாருங்க" என்றதும் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. நம்ம பிள்ளைக்குச் சாதாரணத் தையலா? வீட்டுக்கு எடுத்துப் போனார். குத்தூசியால் குத்திக் குத்தி, மெழுகு நூலால் நெருக்கி நெருக்கி, வரிசைக்கு நடுவே வரிசை போட்டார். குதிரை இழுத்தாலும் அறாது என்று நினைத்தார். பரிசோதனைக்கும் வைக்காமல் நேரே அவன் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் பெருமையாக அதைச் சொல்லப்போக, பிலோமின்ராஜ் முகம் வெளுத்துவிட்டது. ஒரு துண்டு நாடாவில் அதே மாதிரி தைத்துக் காட்டச் சொன்னான். அதைக் கொக்கியில் மாட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டான். சர்ர்ர்... தபால் தலை கிழிகிற மாதிரி ஊசி ஓட்டை வரிசையோடு கிழிந்தது.

"ஓடுங்க பாய்!" என்று புது வாரைக் கையில் திணித்தான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். சைக்கிள் செயின் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது... திடீரென்று அதுவும் கேட்கவில்லை. காற்று நின்றுவிட்டது. எதிரே, கானலுக்கு நடுவில் ஒருவன் நடந்து வந்தான். கியாசுதீன்! உடம்பில் அந்தப் பழைய வார்.

ரசூல் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். "அல்லா காப்பாத்துனான்! மாப்ளே, அதைக் கழட்டு மொதல்ல!"

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சட்டை போட்டுவிடக் காத்திருக்கிற குழந்தை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ரசூலுக்கு வேர்த்து ஊற்றியது. அவன் மேல் ஒரு சொட்டு வேர்வை இல்லை. பச்சை வாழையை வெட்டினால் ஒரு வாசனை வருமே, அது குப்பென்று அடித்தது... ரசூல் எதையும் யோசிக்கவில்லை. பழசை உருவிவிட்டுப் புதுசை மாட்டினார். ஒவ்வொரு கொக்கியையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது தாங்குமா மச்சான்?"

"தாங்கும்டா. என் மேல சத்தியமா."

அவன் தலையாட்டிவிட்டு வந்த வழியே நடந்தான். ரசூல் சந்தோஷத்தில் அழுதேவிட்டார். பழைய வாரைக் கேரியரில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார். பிலோமின்ராஜ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"மாத்திட்டேன் தம்பி! என் கையாலேயே மாட்டி விட்டுட்டு வந்தேன்!"

பிலோமின்ராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாய்... உத்தரவு மாறி, விடியக்காலையிலேயே கிளம்பிட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு. ஜீயபுரம் பக்கத்துல எஞ்சின் தீப்பிடிச்சு எல்லாரும் குதிச்சிருக்காங்க. மத்தவங்க பொழைச்சுட்டாங்க. கியாசுதீன் மட்டும்... வாழைத் தோப்புல..."

ரசூல் கேரியரைத் திரும்பிப் பார்த்தார். கட்டியிருந்த வாரில் ஈரச் சேறு. இரண்டு தோள் பட்டையும் அறுந்து தொங்கின. அவர் போட்ட நூல் ஒன்றுகூட அறவில்லை. நாடாதான் கிழிந்திருந்தது.

சாயங்காலம் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேலே புது வார். தூக்கி வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோப்புல தூக்குறப்ப அறுந்ததுதாங்க இருந்துச்சு" என்றான் ஒருவன்.

கியாசுதீனின் அக்கா ஆரிஃபா புருஷனைப் பார்த்தாள். "குளிப்பாட்டணுமேங்க... நீங்க மாட்டுனதுதானே? நீங்களே கழட்டுங்க."

ரசூல் முயன்று பார்த்தார். ஒரு கொக்கி அசையவில்லை. கத்தி வைத்தார்கள், கத்திதான் மழுங்கியது. தோள் பட்டை இரண்டும் மேலே எதுவோ பிடித்து இழுக்கிற மாதிரி விறைத்து நின்றன. கடைசியில் வாரின் மேலேயே தண்ணீர் ஊற்றி, அதன் மேலேயே கஃபன் துணியைச் சுற்றினார்கள்.

கபர்க் குழிக்குள் இறங்கி நின்று உடலை வாங்கியவர் ரசூல்தான். மெல்ல இறக்கினார்கள். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றார்.

"விட்டாச்சே பாய்" என்றார்கள் மேலே இருந்தவர்கள்.

ரசூல் குனிந்து உடலுக்கு அடியில் கையை விட்டார். கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தடங்கலில்லாமல் போயிற்று. அவர் கியாசுதீனின் தோளைப் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார்.

"எறங்குடா மாப்ளே... போதும், எறங்கு..."

மேலே இருந்தவர்கள் மண்ணை அள்ளிக்கொண்டு காத்திருந்தார்கள். கியாசுதீன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நின்றான்.