கடல் தெரியாத வீடு

செங்கோட்டை பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். குற்றாலத்தில் ரூம் வாடகைக்கு விடுகிறவர் என்று பேச்சில் தெரிந்தது.

"எம் மாப்பிள்ள கடற்கரை ஊர்ல, கடலே தெரியாம வீடு கட்டிட்டாரு மதினி."

"தெரியாட்டா என்ன?"

"நம்ம ஊர்ல அருவிச் சத்தம் கேக்குத ரூமுக்குத்தானே கிராக்கி. அந்தப் பழக்கத்துல, கடலோரமாக் கட்டுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன். கரைய ஒட்டிக் கட்டக் கூடாதாம். தள்ளிப்போயி மேட்டுல, தூண் போட்டு ஒசத்திக் கட்டிட்டாரு. பால்காய்ச்சுக்குப் போயும் நான் முகங்குடுத்துப் பேசல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் முன்னால் விட்டேன்.

"பெறவு?"

"போன மழைக்கு அங்கனதான் இருந்தேன். புயலடிச்சு, கடலு தெருவுக்குள்ள வந்துட்டு. எங்க கீழ்ப்படியத் தொட்டுட்டுத் திரும்பிப் போயிட்டு. கடலோர வீட்டு ஆளுக எல்லாம் எங்க மாடியிலதான். நானும் மாப்பிள்ளையுமா உப்புமா கிண்டிப் போட்டோம்."

"ஆசப்பட்ட கடல வாசல்லயே பாத்துட்டியளே."

இருவரும் சிரித்தார்கள். குற்றாலத்தில் இறங்கும்போது மதினி கேட்டார்: "ஆத்தங்கரையில புதுசா ரூம் கட்டப் போறேன்னியளே?"

"மேட்டுல கட்டுதேன். சத்தம் கேட்டாப் போதும்."