போன் அடிக்காத வேலை

எனக்கு இரைச்சல் ஆகாது, ஐயா. வீட்டில் டிவி சத்தம் கொஞ்சம் கூடினாலும் மாடிக்குப் போய்விடுவேன்.

சுரங்கக் கம்பெனியின் அத்தனை வேலைகளும் ஒரே பெரிய கணிப்பொறியில்தான் ஓடின. சம்பளம், சரக்கு, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி இடம். எல்லாம் ஒரே நேரத்தில் பெருத்தால் இடம் போதாமல் இயந்திரம் ஸ்தம்பித்துவிடும். அப்போது எதையாவது நிறுத்தியாக வேண்டும்; அதுதான் என் வேலை. உரிய பிரிவைக் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும் என்பது விதி. எந்தப் பிரிவுதான் சம்மதிக்கும்? அதனால் நான் முதலில் நிறுத்துவேன், பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடித்தால் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப ஓடவிடுவேன். அடிக்காவிட்டால் அது வேண்டாத வேலை. மேலதிகாரிகள் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். அது உண்மையும்கூட.

அன்று சம்பள நாள். காலையிலிருந்தே இட நெருக்கடி. ஒரு வேலை மட்டும் என் கண்ணை உறுத்தியது. சுரங்கத்துக்குள் வாயு கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் அபாயச் சங்கை ஊதவைக்கும் வேலை அது. நான் சேர்ந்த நாளிலிருந்து அது சங்கை ஊதவைத்ததே இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

பக்கத்து மேஜைப் பெண் பதறினாள். "அண்ணே, அதுல கை வைக்காதீங்க. கீழ ஷிப்ட் ஆளுங்க இருக்காங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரரும் உள்ளதான இருக்காரு."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கா அது?"

"திறக்காம இருக்கிறவரைக்கும் நல்லதுண்ணே."

அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். நிறுத்தினேன். மதியத்துக்குள் சம்பளம் முடிந்தது. கணக்குப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, "பிரமாதம்பா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அப்போதே வாயு வேலையைத் திரும்ப ஓடவிட்டிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு யாரும் போன் செய்யவில்லையே.

சங்கு ஊதவில்லை. மாலையில் லிப்ட் மேலே வந்தபோது ஒருவரும் நடந்து வெளியே வரவில்லை. தங்கை என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்: "அவரு உள்ள இருக்காருன்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

தெரியும். எதை நிறுத்தினேன், கீழே யார் இருந்தார்கள், எல்லாம் தெரிந்துதான் நிறுத்தினேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அதன் பிறகு நான் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. போன் பக்கத்திலேயேதான் இருந்தேன். கீழேயிருந்து ஒருவர், ஒரே ஒருவர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஓடவிட்டிருப்பேன்.

யாருமே கூப்பிடவில்லை.