ஐம்பதாண்டு மலர், ஒரு பக்கம் குறைவு

குவின்சி: ...ரூம் கொடுக்கலன்னு அப்படியே எழுதணுமாடா?

லமாண்ட்: கொடுக்கலதானே, தலைவரே? எழுபத்திமூணுல கறுப்புப் பசங்க ஏழு பேர், நம்ம மாணவர் சகோதரர் சங்கத்துக்கு இங்க ஒரு கிளை வேணும்னு கேட்டாங்க. யுனிவர்சிட்டி பூரா ரூம் காலி. ஏழு பேரும் ஹாஸ்டல்ல துணி துவைக்கிற எடத்துல நின்னு, மெஷின் சத்தத்துக்கு நடுவுல உறுதிமொழி எடுத்தாங்க.

குவின்சி: போடு, போடு. ஐம்பதாண்டு மலர் சோப்பு வாசனையோடயே ஆரம்பிக்கட்டும். அடுத்து?

லமாண்ட்: எண்பத்தெட்டு. நம்ம டான்ஸுக்கு வந்தவங்க இருநூறு பேர். போலீஸ் வண்டி பதினாலு.

குவின்சி: அந்தப் பதினாலைப் பெரிய எழுத்துல போடு!

லமாண்ட்: நமக்கு மூணு வருஷம் தடை. அதே வாரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரச் சங்கத்துப் பசங்க மாடியிலேர்ந்து பியானோவைத் தள்ளி விட்டாங்க. அவங்களுக்கு யுனிவர்சிட்டிலேர்ந்து ஒரு கடிதம்.

குவின்சி: கண்டிச்சா?

லமாண்ட்: பியானோ போனதுக்கு வருத்தம் தெரிவிச்சு.

குவின்சி: ஹா! அதையும் போடு. ஒரு வரி விடாதே. வரலாறுன்னா உள்ளது உள்ளபடி...

லமாண்ட்: அப்போ போன வருஷம்?

குவின்சி: ...அதுக்குப் பக்கம் இல்ல.

லமாண்ட்: டாரியஸோட அம்மா எழுதியிருக்காங்க.

குவின்சி: வக்கீல் மூலமாவா?

லமாண்ட்: சீ, இல்லடா. மலர்ல அவன் படத்தைப் போடுவீங்களான்னு கேக்கறாங்க. சங்கத்துல சேர இன்னும் ஒரே வாரம்னு நாள் எண்ணிக்கிட்டிருந்தானாம்...

குவின்சி: படம்தானே? போட்டுடு. கீழ, 'காலையில் தனியே ஓடச் சென்றபோது மூச்சுத்திணறி மறைந்தார்'னு... போலீஸ்ல நாம சொன்னோமே, அதே வார்த்தை.

லமாண்ட்: கடைசி வரியைக் கேளு. 'முந்தின நாள் போனில் பேசியபோது, இன்ஹேலரை மறக்காதே என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.'

குவின்சி: அந்தக் கடிதத்தை மடிச்சு உள்ள வை.

லமாண்ட்: என்ன பதில் போடட்டும்? 'உங்க பையன் மறக்கல'ன்னு...

குவின்சி: வாயை மூடு! புதுசா சேர்றவன் ஓடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணணும். அது வழக்கம். நான் பண்ணலையா? நீ பண்ணலையா?

லமாண்ட்: மூணாவது சுத்துல இன்ஹேலரைக் கொடுன்னு வாய்விட்டுக் கேட்டான்டா...

குவின்சி: நாலாவதை முடிச்சா தரேன்னு சொன்னேன். அதைக் கையில பிடிச்சுக்கிட்டேதான்டா சொன்னேன்.