வேர்வை காயாத ஊர்

மொபெட்டை வேகமாக ஓட்டுவதில் ஒரு திறமையும் கிடையாது, ஐயா. ஓடுகிற மனுஷனுக்குப் பின்னால், அவன் வேகத்துக்கே, வண்டி அணைந்துவிடாமல் உருட்டிக்கொண்டு போவதுதான் வித்தை. எனக்கு அது நன்றாக வரும். அருப்புக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் முதலாளிக்குப் பின்னால் ஒன்றரை வருஷம் அப்படித்தான் போனேன். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் ஓட ஆரம்பித்தவர் அவர். பரளச்சி ரோட்டில் அவர் ஓடுவார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போவேன். அலுப்புத் தெரியாமல் இருக்கக் கதை சொல்வேன்.

என் பெயர் மொக்கையன். நான் புளுகன் என்று பரளச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரிதான். எங்கள் ஊர் வெயிலில் நடுவானத்தில் பறந்த காடை அப்படியே வெந்து என் சட்டியில் விழுந்தது, உப்பு மட்டும்தான் நான் போட்டேன் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதையும் மறைத்ததில்லை. இப்போது சொல்லப்போவது அந்த வகை இல்லை. சென்னை மாரத்தானில் முதலாளி விழுந்து செத்தாரே, அதைப் பற்றியது. எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்கக் கூடாது, நான் கேட்பது அது ஒன்றுதான்.

நெடுந்தூர ஓட்டத்தில் எல்லாமே வேகத்தைப் பங்கு பிரிப்பதில் இருக்கிறது. முதலாளிக்கு அது வரவில்லை. எடுத்த எடுப்பில் கன்றுக்குட்டி மாதிரிப் பாய்வார். பாதி வழியில் நாக்குத் தள்ளிவிடும். அவருக்குப் புரியவைக்கத்தான், ஒரு நாள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கும்போது, என் ஆயுசிலேயே ஒரே ஒரு உண்மைக் கதையைச் சொன்னேன்.

சித்திரை மாதம். பறித்து முடிந்த செடியை, பருத்திமாரை, பிடுங்கிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி மூக்கம்மாளை விரியன் கடித்துவிட்டது. புஞ்சைக் காட்டில் நாங்கள் இருவர்தான். ஊருக்குள் போன் வராத காலம். வண்டி பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினேன். இருந்த வேகத்தையெல்லாம் முதல் பாதியிலேயே கொட்டிவிட்டேன். பாதி வழியில், அந்த உச்சி வெயிலில், கை மயிர் குத்திட்டு நின்றது. ஜிலுஜிலுவென்று இருந்தது. அப்புறம் கண் இருட்டி விழுந்துவிட்டேன். ஆடு மேய்க்கிறவர்கள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, வண்டி பிடித்துக் காட்டுக்குப் போனபோது, மூக்கம்மாள் வாயில் நுரை காய்ந்திருந்தது. நடந்து போயிருந்தால்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

"அதுக்குத்தான் சொல்றேன் மொதலாளி. ஆரம்பத்துல அடக்கிப் போங்க" என்று முடித்தேன். அவர் கையில் போன் இருந்ததைப் பார்த்தேன். மணி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நான் சொன்னது வீடியோவாக வாட்ஸப்பில் வந்தது. கழுதை கத்துகிற சத்தம், கூட்டம் சிரிக்கிற சத்தம் எல்லாம் கோத்து, 'மொக்கைத் தாத்தாவின் புது மொக்கை' என்று முதலாளி தலைப்புப் போட்டிருந்தார். திருச்சுழி வரைக்கும் போயிருக்கிறது. டீக்கடையில் மாரீஸ்வரன் கேட்டான்: "ஏ பெருசு, மூக்கம்மாளப் பாம்பு கடிச்சுச்சா, இல்ல உங்க கதையக் கேட்டே செத்தாகளா?" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

முதலாளியிடம் போய், "அத அழிச்சிருங்க. அது நெசம்" என்றேன்.

"காடைக் கதைக்கும் நெசம்னுதான பெருசு சொன்னீக? ஊரே உங்களப் பாக்குது, சந்தோசப்படுங்க" என்று முதுகில் தட்டினார்.

கோபம் என்பது பால் மாதிரிப் பொங்கி அடங்குவது என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோடையில் கரிசல் வெடிக்கிற மாதிரி வந்தது. சத்தமே இல்லை. நாளுக்கு நாள் ஆழமாகப் போனது. மறுநாளும் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.

அந்த நேரத்தில்தான் அவர் சென்னை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார். "மெட்ராசுல அத்தன வருசம் இருந்தவுக நீங்க. எப்பிடி ஓடணும்னு நீங்களே சொல்லுங்க பெருசு" என்றார்.

இருந்தேன். பலசரக்குக் கடையில் விடியற்காலையில் மூட்டை இறக்கினேன். அந்த ஊரில் வெயிலைவிட விடியற்காலைதான் மோசம் என்பது மூட்டை தூக்கினவனுக்குத் தெரியும். காற்று முழுக்கத் தண்ணீர். நம் பக்கம் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் குளிர்த்திவிடும். அங்கே காயாது, ஒழுகும். சூடு உள்ளேயே நிற்கும். கடல் காற்று திரும்ப நெடுநேரம் ஆகும்.

முதலாளி போனில் வானிலையைக் காட்டினார். "இருவத்தேழு டிகிரிதான் பெருசு. நம்ம ஊர்ல ஃபேனப் போட்டாலும் இதுக்கு மேல இருக்கும். வெக்கை இருக்குமா?"

"வெக்கை இருக்காது மொதலாளி."

அது பொய் இல்லை. வெக்கை நம் ஊர்ச் சரக்கு. அங்கே இருப்பதற்குப் புழுக்கம் என்று பெயர். அவர் அதைக் கேட்கவில்லை.

"கீழ தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கே?"

"அது ஈரம்."

"ஈரம்னா குளிர்ச்சிதான?"

வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் வேறு எப்படி நினைப்பார்? இங்கே மழை பெய்த மண்ணுக்கும் ஈரம் என்றுதான் பெயர், நல்ல மனசுக்கும் ஈரம் என்றுதான் பெயர். ஈரத்தைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் பாதைக்குச் சரியான கணக்கு எனக்குத் தெரியும். முதலில் வருகிற மேம்பாலத்தில் நடைக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். தண்ணீர் மேசை எங்கே வந்தாலும் நின்று குடிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் காற்றுத் திரும்பிய பிறகு, தெம்பு மிச்சம் இருந்தால், வேகம் எடுக்கலாம். நான் சொன்னது வேறு. "வெயிலுக்கு முந்திக்கோங்க மொதலாளி. மொதப் பாதிய வெரசா முடிச்சிருங்க. தண்ணிக்கு நின்னா நேரம் போயிரும். கொப்பளிச்சுத் துப்பிட்டுப் போங்க." நம் ஊர்க்காரன் காதுக்கு நல்ல யோசனையாகத்தான் இருக்கும். வெயிலுக்கு முந்துவதுதானே நம் பிழைப்பு. அவர் தலையாட்டிக் கேட்டார். கதை கேட்கும்போதுகூட அவ்வளவு கவனம் இருந்ததில்லை.

கடைசியாக ஒன்று சொன்னேன். "நடுவுல ஒடம்பு புல்லரிச்சுக் குளுரும். குளிர்ச்சி ஏறிருச்சுன்னு அர்த்தம். அப்ப வேகத்த இன்னும் அமுக்குங்க." என் கணக்கில் பொய் அது ஒன்றுதான்.

ஓட்டத்தன்று நானும் கூடப் போனேன். முந்தின நாள் மழை. இலைகூட அசையவில்லை. பாட்டிலோடு கடற்கரைச் சாலையில் நின்றேன். தூரத்திலேயே அவரை அடையாளம் தெரிந்தது. பாதி தூரத்தை, நான் சொன்னபடி, பறந்து வந்திருந்தார். கை மயிரெல்லாம் எழுந்து நின்றது.

"பெருசு, குளுருது!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"அமுக்குங்க மொதலாளி" என்றேன்.

கொஞ்ச தூரம் போய், பாதை வளைந்து திரும்புகிற இடத்தில் திரும்பி வந்து, என்னைத் தாண்டி, விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "உள்ளுக்குள்ளயே வெந்து போயிருக்கார்" என்றார். எனக்குக் காடை நினைவு வந்தது. இந்த முறை உப்புகூட நான் போடவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்த அன்று அவர் வீட்டம்மா கனகலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நம்ம ஊரு மொகம் ஒண்ணையாச்சும் பாத்துட்டுப் போனாகளே" என்று அழுதார்கள். எழவு வீட்டில் அந்த வீடியோவை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். "தன்னால ஓடிச் செத்தவருக்கு நீங்க என்ன பெருசு பண்ணுவீக? டீயக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்கிறீர்கள். ஓரத்தில் நிற்கிற ஏட்டையா சிரிப்பை அடக்க மீசையைத் தடவுகிறார். இரண்டாவது முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறேன், ஐயா. முதல் உண்மைக்குச் சிரித்தவர் என்ன ஆனார் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

பேனாவைத் திறங்கள். ஒன்று விட்டுப்போயிற்று. திரும்பி வரும்போது அவர் என் பக்கம் ஒதுங்கி வந்தார். அவர் சிரிக்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவன் இல்லை.