நீலச் சால்வைப் பெண்ணின் கன்னம்

அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் ஒரு படி கறுத்துவிடும், ஐயா. ஈரத்தில் சரியாகத் தெரிந்த முகம் பத்து நிமிஷத்தில் வேறு ஆளாகிவிடும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் உயிருள்ள முகம் ஒன்று வேண்டும்.

பழைய உருவப்படங்களைப் பார்த்து அப்படியே வரைவது என் தொழில். வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே மாட்டுவார்கள். கண்ணில் பட்டதை வரைவேன். இல்லாததைச் சேர்த்ததே இல்லை. அதிகம் பேர் கேட்பது நீலச் சால்வைப் பெண் படம். என்னிடம் இருந்த அச்சுப் படமோ வெளுத்துப்போனது, கன்னத்தின் நிறத்தை அதில் நம்ப முடியாது. அந்த நிறம் என் தங்கையிடம் இருந்தது. அவளுக்கு ரத்தம் குறைவு.

ஜன்னலோரம் உட்காரவைப்பேன்.

"அக்கா, தலை சுத்துது."

"ஒரு கன்னம்தான்டி பாக்கி. பேசாதே, தாடை ஆடுது."

"பாவம், இந்தப் படத்துல இருக்கறவளுக்கும் உன்னை மாதிரி ஒரு அக்கா இருந்திருப்பா போல."

டாக்டர் சிவப்பு மாத்திரை கொடுத்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாதும்மா, இதயம் தாங்காது" என்று என்னிடம்தான் சொன்னார். மூன்றே வாரத்தில் அவள் பாடிக்கொண்டே மாடி ஏறினாள். அப்போது வரைந்த படம் திரும்பி வந்துவிட்டது.

வாங்கிய அம்மாள் சொன்னார்: "குறை சொல்லலைம்மா. ஆனா இவ இப்பத்தான் சாப்பிட்டு எழுந்த மாதிரி தெம்பா இருக்கா. எனக்கு அந்தப் பழைய சோகம் வேணும்."

இன்னும் ஒன்பது படங்கள் வரைய வேண்டியிருந்தது.

மாத்திரையை மாற்றியது நான்தான். அதே சிவப்பில் சின்ன மிட்டாய். நிறம் பார்த்து எடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாத்திரை இனிக்குதே, அக்கா?"

"உடம்பு தேறினா நாக்குக்கு அப்படித்தான் தெரியும்."

நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள். எட்டுப் படமும் அருமையாக வந்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ஒன்பதாவதற்கு அவளே நாற்காலியில் வந்து உட்கார முடியவில்லை, பிடித்து உட்காரவைத்தேன். காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சம். சால்வையின் மடிப்பை முடித்து நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள். முகம் மட்டும் மீதி இருந்தது. அதை வரைந்து முடித்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன்.

கடைசியில் என்ன கேட்டாள் என்கிறீர்கள். அவள் எதுவும் கேட்கவில்லை, ஐயா. அந்த ஒன்பதாவது படத்தில் உதடு திறந்திருக்கிறதே என்று காட்டுகிறீர்கள். ஆமாம், மூலப்படத்தில் மூடித்தான் இருக்கும்.

முப்பது வருஷத்தில் நான் செய்த ஒரே கைப்பிழை அது.